தண்ணீர்ப் பீப்பாயும் கடற்போர் விளையாட்டும்

கடற்போர் விளையாட்டுகளின் வரைபடத்தில் கடலைத் தளபதிக்கொரு வண்ணமாகப் பகுத்துவிடுகிறார்கள். வண்ணம் எவருடையதோ, கடலும் அவருடையதாம். கள்ளக்குறிச்சியில் கடலில்லை, எனினும் 1993 வரை நமக்கு மாவட்டத் தலைநகராயிருந்த கடலூரை நினைத்தால் இவ்விதி ஒப்பவில்லை.

1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு அப்பால் சுஃப்ரனின் 15 பிரெஞ்சுக் கப்பல்கள் ஹ்யூஸின் 18 ஆங்கிலக் கப்பல்களோடு பொருதின. எத்தரப்பும் ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை. ஆயினும் ஹ்யூஸ் சென்னைக்குத் திரும்பினார். குடிநீர் குறைந்துவிட்டது, மாலுமிகள் ஸ்கர்வி நோயில் வீழ்ந்திருந்தனர். கடலூரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலத் தரைப்படை கடல்வழித் துணையின்றி நின்றது.

வழங்கல் கணக்கு சலிப்பூட்டுகிறதென அதை விட்டுவிட்டு ஆடுவோர் நம்மிலும் உண்டு. அவர்களுடைய பலகையில் 18 கப்பல்களுடைய ஹ்யூஸ் கடலூரை விட்டு நகரவே மாட்டார்.