சங்கிலி வலையும் சர்க்காரின் தூக்கமும்

பத்துப் பேரைச் சேர்த்தால் கமிஷன். அவர்கள் ஆளுக்குப் பத்துப் பேரைச் சேர்த்தால் மேலும் கமிஷனாம்! கணக்குப் போடுங்கள், தோழர்களே! எட்டாம் படிக்கே பத்துக் கோடிப் பேர் வேண்டும். 2011 கணக்கில் தமிழ்நாட்டு ஜனத்தொகையே 7.21 கோடிதான்! கடைசியில் சேரும் கூலிக்காரனின் பணமே முதலில் சேர்ந்தவனின் லாபம்.

இந்தச் சங்கிலித் திட்டங்களைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1978லேயே வந்தது. 2021ல் விதிகளும் வந்தன. அதிவட்டி மோசடி இதன் உடன்பிறப்பு. அதற்கு 1997ல் தமிழ்நாட்டுச் சட்டம். பலன்? மாதம் 25, 30 சதவீதம் என்று ஆசை காட்டிய ஆருத்ரா நிறுவனம், லட்சம் பேருக்கு மேல் 2,438 கோடி ரூபாய் வசூலித்தது என்கிறது போலீஸ். சோதனை நடந்ததோ 2022 மே மாதத்தில்!

கூலி போதாததால்தான் ஏழை இந்த வலையில் விழுகிறான். புதுக்கோட்டைத் தோழர்களே! உறவுக்காரரே அழைத்தாலும் சேராதீர்கள். வசூல் தொடங்கும்போதே தடுக்கும்படி சர்க்காரை நிர்ப்பந்திப்போம்!