கிறிஸ்துமஸ் அலங்காரம்: வீட்டிலேயே செஞ்சா நிஜமாவே காசு மிச்சமா?

அக்டோபர்லயே கிறிஸ்துமஸ் பேச்சான்னு கேட்காதீங்க, காரணம் இருக்கு. கடைசியில சொல்றேன்.

பட்டைப் பொடியில வாசனை நட்சத்திரம் செஞ்சு மரத்துல தொங்கவிட்டா செலவு மிச்சம்னு நிறைய வீடியோ வருது. என் கருத்து: கண்டிப்பா செய்யுங்க. ஆனா பொருள் செலவு குறையும்னு மட்டும் நம்பிச் செய்யாதீங்க.

கணக்கு போடுவோம். அமெரிக்க வீடியோக்கள்ல வர்ற முறைக்கு ஒரு கப் பட்டைப் பொடியும், கிட்டத்தட்ட அதே அளவு ஆப்பிள் விழுதும் வேணும். ஒரு கப் பொடின்னா 100 கிராமுக்கு மேல. உங்க மளிகைக் கடையில விலை கேட்டுப் பாருங்க. அதைவிட ஒரு பாக்கெட் பிளாஸ்டிக் நட்சத்திரம் மலிவா இருக்கலாம்.

நம்ம பட்ஜெட்டுக்கு ஒத்து வர்றது உப்பு மாவு. 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, சுமார் 1 கப் தண்ணி. வாசனைக்கு ரெண்டு மூணு ஸ்பூன் பட்டை, கிராம்புப் பொடி. சப்பாத்தியைவிடக் கொஞ்சம் கனமா தேய்ச்சு வெட்டி, ஸ்ட்ராவால ஓட்டை போடுங்க. அவன்ல 100 டிகிரி பக்கம் வச்சு, ரெண்டு மூணு மணி நேரம் காய விடுங்க. அவன் இல்லன்னா ஃபேனுக்கு அடியில சில நாள் ஆகும், மழைக்காலத்துல இன்னும் அதிகம். சாப்பிடற பொருள் இல்ல. நாய் இருக்கிற வீடுன்னா எட்டாத உயரத்துல மாட்டுங்க, அவ்வளவு உப்பு அதுக்கு ஆபத்து.

சரி, மிச்சம் எங்க?

மூணு வருஷம் முன்னாடி, சென்னையில முதல் வேலை. லீவு கேக்கத் தயங்கி, 24-ஆம் தேதி ராத்திரிதான் நாகர்கோவில் போய்ச் சேர்ந்தேன். அந்தக் குற்ற உணர்ச்சியில மரம், லைட், எல்லாருக்கும் கிஃப்ட்னு கிரெடிட் கார்டுல 18,000 ரூபாய் தேய்ச்சேன். அப்புறம் மினிமம் டியூ மட்டும் கட்டினேன். மாசம் 3.5% வட்டின்னா வருஷத்துக்கு 42%. புதுசா வாங்கின பொருளுக்கும் அன்னிலேர்ந்தே வட்டி ஓடும். கடன் தீர ஆகஸ்ட் ஆச்சு.

அம்மா சொன்னது ஒண்ணுதான்: "மரம் நல்லாருக்கு மக்களே. ரெண்டு நாள் முன்னால வந்திருக்கலாம்லா?"

அடுத்த வருஷம் 22-ஆம் தேதியே போனேன். மைதா, உப்பு, பட்டை எல்லாம் சேர்த்து 200 ரூபாய்க்குள்ள. அப்பா வெட்டின நட்சத்திரத்துக்கு நாலு மூலைதான் வந்துச்சு. வீடே பட்டை வாசனை. யாருக்கும் கடைக்குப் போகணும்னே தோணல. என் மிச்சம் அந்த சாயங்காலத்துலதான் இருந்துச்சு. அந்த நாலு மூலை நட்சத்திரத்தை அம்மா இன்னும் பீரோவுல வச்சிருக்காங்க.

பண்டிகைச் செலவுல பாதி, நேரம் கொடுக்க முடியாததுக்கு நாம கட்டற அபராதம். அதனால முதல்ல லீவு போடுங்க. ரயில் முன்பதிவு 60 நாள் முன்னாடி திறக்குது. டிசம்பர் 22 டிக்கெட்டுக்கு அக்டோபர் 23-ஆம் தேதி காலையில உட்காரணும். இதுக்குத்தான் இப்பவே சொல்றேன். போன பண்டிகையில செலவு பண்ணதுல பாதியை இன்னிக்கே தனியா எடுத்து வைங்க.

மைதாவை ஊர்ல வாங்கிக்கலாம். இந்த வருஷம் எத்தனாம் தேதி கிளம்பறீங்க? கமெண்ட்ல சொல்லுங்க.