ஹவில்தார் சொன்ன 'நாங்கள்'

சென்ற குளிர்காலத்தில் பஞ்சாபிலுள்ள ஒரு போர் அருங்காட்சியகத்தில், 1971 போரைப் பற்றிய உரையைக் கேட்கச் சென்றிருந்தேன். ஓய்வுபெற்ற உயர் அலுவலர் ஒருவர் வரைபடங்களைத் திரையிட்டு ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசினார். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்தார். அதே போர்முனையில் ஹவில்தாராக இருந்தவராம். பஞ்சாபியில் பேசத் தொடங்கினார். இரண்டு நிமிடம் கழிந்ததும் நிகழ்ச்சியை நடத்தியவர், "பாபாஜி, கேள்வியை மட்டும் கேளுங்கள்" என்றார். பிறகு அவையை நோக்கி, பெரியவர் தம் படைப்பிரிவின் வீரத்தை நினைவுகூர்ந்தார் என்று ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் முடித்துவைத்தார்.

அவர் சொன்னது வீரத்தைப் பற்றியது அன்று. இரவில் கால்வாயைக் கடந்தபின் நனைந்த காலுறைகளை மூன்று நாள் கழற்ற இயலாமற் போனதையும், சமையற்காரர் திரும்பி வராததால் படையினர் தாமே ரொட்டி சுட நேர்ந்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார். என் அரைகுறைப் பஞ்சாபிக்கே அது விளங்கிற்று.

இத்தகைய நிகழ்வுகளைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. கட்டணமின்றி நடக்கின்றன, பள்ளி மாணவர்கள் வருகிறார்கள். பீரங்கியும் பதக்கமும் கேள்விக்கு விடை சொல்லா. போரில் நின்ற மனிதர் சொல்வார். உரை நிகழ்வுக்கு அருங்காட்சியகத்தில் உள்ள தனி மதிப்பு இதுதான். அந்த மதிப்பை நாம் பதவி வரிசைப்படி பங்கிடுகிறோம் என்பதே என் குறை. மேடை அதிகாரிக்கு, முன்வரிசை விருந்தினருக்கு, பின்வரிசை ஹவில்தாருக்கு.

இதனால் இழப்பது என்ன என்பதை வரலாறு ஏற்கெனவே காட்டியிருக்கிறது. முதல் உலகப் போரில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் பணியாற்றினர். 74,000-க்கும் அதிகமானோர் மாண்டனர். பிரான்சிலிருந்து அவர்கள் எழுதிய கடிதங்களுள் தணிக்கை அலுவலர்கள் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தொகுத்த பகுதிகளே பெருமளவில் நமக்குக் கிடைக்கின்றன. அவர்கள் குரலைக் கேட்க விரும்பினால் பெர்லினுக்குச் செல்ல வேண்டும். 1915 முதல் 1918 வரை, வில்ஹெல்ம் டோகனின் முன்முயற்சியில் அமைந்த பிரஷ்ய ஒலிப்பதிவுக் குழு, போர்க்கைதி முகாம்களில் மொழி மாதிரிகளுக்காகக் கைதிகளைப் பேசச் செய்து தட்டுகளில் பதிந்தது. அவை ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தின் ஒலிக்காப்பகத்தில் உள்ளன.

அவற்றுள் ஒன்று, 1916 டிசம்பர் 11 அன்று வூன்ஸ்டோர்ஃப் முகாமில் பதிவானது. பேசியவர் மல் சிங், பிரோஸ்பூர் மாவட்டத்துச் சிப்பாய். ஒரு மனிதன் இருந்தான் என்று கதை போலத் தொடங்குகிறார். ஊரில் வெண்ணெய் உண்டு வாழ்ந்ததையும், ஐரோப்பியப் போருக்கு வந்து ஜெர்மானியரிடம் அகப்பட்டதையும், ஊர் திரும்பும் ஏக்கத்தையும் தன் பெயரில் சொல்லாமல் அந்த 'மனிதன்' மீது ஏற்றிச் சொல்கிறார். பதிவு செய்தவர்களுக்குத் தேவைப்பட்டது ஒலி. அவரோ அந்தச் சில நொடிகளில் தம் வாழ்க்கையையே சொல்லி முடித்தார்.

மொழியியல் மாணவன் என்ற முறையில் இங்கே ஒன்றைக் கவனிக்கிறேன். உயர் அலுவலரின் உரையில் எழுவாய் 'படைப்பிரிவு'. மல் சிங்குக்கு 'ஒரு மனிதன்'. ஹவில்தாருக்கு 'அஸீம்'. பஞ்சாபியின் அந்த ஒரு சொல்லில் நம் 'நாம்', 'நாங்கள்' இரண்டும் அடங்கும். அதைத் தமிழாக்க வேண்டுமானால், கேட்போரையும் அவர் தம்மோடு சேர்த்துக்கொள்கிறாரா, தம் தோழர்களை மட்டும் குறிக்கிறாரா என்பதை நான் முடிவு செய்தாக வேண்டும். முழுப் பேச்சையும் கேளாமல் அதை முடிவு செய்ய இயலாது. ஒற்றை வாக்கியச் சுருக்கத்தில் முதலில் மறைவது இதுதான்.

முதியோரின் நினைவு பிசகும் என்பர். பிசகும்தான். அதிகாரிகளின் நினைவும் பிசகும். இரண்டையும் படைப்பிரிவின் நாட்குறிப்போடு ஒப்பிடலாம். வந்திருப்போருக்கு மொழி புரியாது என்பர். பஞ்சாபில் பஞ்சாபி புரியாத அவை எது? புரியாத சிலருக்காக ஒரு மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவது பெருஞ்செலவும் அன்று.

செய்யக்கூடியவை எளியவை. ஒவ்வோர் உரையிலும் அதிகாரியின் பக்கத்தில் இன்னொரு நாற்காலி இடுங்கள். அதில் சிப்பாயாகவோ ஹவில்தாராகவோ இருந்தவர் அமர்ந்து தம் தாய்மொழியில் பேசட்டும். மாவட்ட சைனிக் போர்டின் வழியாக முன்னாள் படைவீரரை அணுகலாம். போரில் கணவரை இழந்த பெண்களையும் அழையுங்கள். பேச்சை முழுமையாகப் பதிந்து, பேசிய மொழியிலேயே எழுத்தாக்குங்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2000-இல் தொடங்கிய படைவீரர் வரலாற்றுத் திட்டத்தில் தன்னார்வலர்களே நேர்காணல் செய்கின்றனர். குறைந்தது 30 நிமிடம் என்பது விதி. அவ்வளவு தொலைவு போவானேன்? 2017-இல் அமிர்தசரஸ் டவுன் ஹாலில் திறக்கப்பட்ட பிரிவினை அருங்காட்சியகம், இடம்பெயர்ந்தோரின் வாய்மொழிச் சாட்சியங்களைத் தன் காட்சிகளின் உயிராகக் கொண்டிருக்கிறது. அகதிகளுக்குச் செய்ய முடிந்ததைப் படையினருக்கும் செய்ய முடியும்.

ஒரு நிபந்தனை உண்டு. மல் சிங் கைதி. மறுக்கும் உரிமை அவருக்கு இல்லை. நம் பெரியவர்களுக்கு அது இருக்க வேண்டும். எதைச் சொல்வது, எதை விடுவது, பதிவை யார் கேட்கலாம் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். அவர்களை மொழி மாதிரியாக மட்டும் பார்க்கும் ஆசை என்னைப் போன்ற ஆய்வாளர்களுக்கும் உண்டு. அதை நாங்கள் அடக்கிக்கொள்ள வேண்டும்.

1962-இல் இருபது வயதாயிருந்தவர் இன்று எண்பதைக் கடந்துவிட்டார். 1971-இன் இளஞ்சிப்பாய்களும் எழுபதைக் கடந்தவர்கள். தள்ளிப்போடக் காலம் அதிகமில்லை.

அன்று நிகழ்வு முடிந்தபின் அந்த ஹவில்தாரோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். நாற்பது நிமிடம் பேசினார். கைபேசி சட்டைப்பையில்தான் இருந்தது. பதிவு செய்யலாமா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. பேருந்து வந்ததும் ஏறிச் சென்றுவிட்டார். அவர் ஊரையும் நான் கேட்டு வைக்கவில்லை.