மண்ணடிப் பிள்ளைகளுக்குத் திடல் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை காலை மண்ணடிப் பக்கம் சென்று பாருங்கள். ஆறு நாட்களும் கைவண்டியும் மினி லாரியும் அடைத்துக் கொண்டிருக்கும் தம்பு செட்டித் தெருவிலும் லிங்கி செட்டித் தெருவிலும் கடைகள் இழுத்து மூடப்பட்டிருக்கும். அந்த ஒருநாள் ஓய்வுக்காகக் காத்திருந்த நம் பிள்ளைகள், பழைய அட்டைப் பெட்டியை ஸ்டம்பாக நிறுத்திக் கிரிக்கெட் ஆடுவார்கள். பந்து சாக்கடையில் விழும். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி ஆடுவார்கள். ஆட்டோ வந்தால் ஆட்டம் நிற்கும். மாடி ஜன்னல் கண்ணாடி உடைந்தால் அன்றைய ஆட்டமே முடிந்தது!

இதைப் பார்த்து நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். "பயல்களுக்கு வேறு வேலை இல்லை" என்று முணுமுணுக்கும் பெரியவர்களும் உண்டு. ஆனால் தெருவில் ஆடாதே என்று அதட்டும் நம்மில் எத்தனை பேர், வேறு எங்கே போய் ஆட வேண்டும் என்பதைச் சொல்லியிருக்கிறோம்?

மெரினா இருக்கிறதே என்பார்கள். மண்ணடியிலிருந்து பத்து வயதுப் பிள்ளை ராஜாஜி சாலையின் கண்டெய்னர் லாரிகளைக் கடந்து மெரினாவுக்கு நடந்து போய் ஆடிவிட்டு மஃரிபுக்குள் வீடு திரும்ப முடியுமா? நேரு ஸ்டேடியம் பெரிய போட்டிகளுக்கானது. தீவுத்திடல் பொருட்காட்சிக்கும் விழாக்களுக்கும் உரியதாகிவிட்டது. பெயர் பெற்ற திடல்கள் மாநகரில் இல்லாமல் இல்லை. நம் பிள்ளை கால்நடையாகப் போய், காசு கொடுக்காமல், எவர் தயவும் இல்லாமல் நுழையக்கூடிய திடல் எது என்பதுதான் கேள்வி.

ஜார்ஜ் டவுன் நெரிசல் இயற்கையாக வந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 18ஆம் நூற்றாண்டில் கோட்டையின் பீரங்கிக் குண்டுகள் தடையின்றிப் பாய வேண்டும் என்பதற்காக, எதிரே இருந்த வீடுகளை இடித்து வெட்டவெளியாக்கினான் வெள்ளையன். அதுதான் எஸ்பிளனேடு. பின்னர் அங்கே கட்டடங்கள் எழும்பின; 1892இல் உயர்நீதிமன்றமும் வந்தது. வெட்டவெளி போய்ப் பெயர் மட்டும் மிஞ்சியது. சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்து, கவர்னர் டிரெவெல்யன் காலத்தில், 1859ஐ ஒட்டி, நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் மக்கள் பூங்கா அமைக்கப்பட்டது. பெயரே மக்கள் பூங்கா! மூர்மார்க்கெட், ஸ்டேடியம், ரயில்வே என்று ஒவ்வொன்றாக அந்த நிலத்தைத் தின்று தீர்த்தன. பூங்காக்களைக் காக்க வேண்டிய மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையும் 1913இல் அந்த நிலத்தில்தான் எழுந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை புதிதல்ல.

இன்று மீதமிருப்பதையாவது காக்க முடியுமா? 2024 அக்டோபர் இறுதியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். செயற்கைப் புல் விரித்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆடுபவர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கலாம் என்று சென்னை மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு மணி நேரம் பந்தை உதைத்தால் 1,200 ரூபாய்! வியாசர்பாடியில் கூலித் தொழிலாளியின் மகன் அந்தப் பணத்துக்கு எங்கே போவான்? எதிர்ப்புக் கிளம்பியது, ஓரிரு நாளிலேயே தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றதை வரவேற்கிறோம். ஆனால் அப்படி ஓர் எண்ணம் தோன்றியதே ஏன்? மக்கள் வரிப்பணத்தில் அமைந்த திடல் மக்களுக்கு வாடகைக்கா? அன்று குரல் எழுப்பியவர்களில் நம் சமுதாய அமைப்புகளின் குரல் எவ்வளவு உரக்க ஒலித்தது என்பதையும் நம்மை நாமே கேட்டுக் கொள்ள வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்கவென்றே 1959ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பெரிய மனைப்பிரிவோ குடியிருப்போ கட்டுபவர், நிலப்பரப்பு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை நீங்கலாகப் பத்து விழுக்காடு நிலத்தைப் பொது உபயோகத்துக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம், பூங்காவையும் விளையாட்டுத் திடலையும் நகராட்சி மன்றங்களின் பணிப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இத்தனை இருந்தும், தானமாக எழுதித் தந்த நிலம் எந்தத் தெருவில், யாருடைய பூட்டுக்குள் இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை.

ஒரு விஷயத்தைக் கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். திடலில் சரக்கு இறக்கி வைப்பவர்களிலும் வண்டி நிறுத்துபவர்களிலும் நம் வியாபாரிகளும் இருக்கிறார்கள். கடைக்கு முன்னால் இடமில்லை என்று பிள்ளைகளின் இடத்தை எடுத்துக் கொள்வது எந்த நியாயம்? வக்ஃபு நிலம் என்றால் உடனே கடை கட்டி வாடகைக்கு விடத்தான் நமக்குத் தோன்றுகிறது. வருமானம் தேவைதான். ஒரு மூலையைப் பிள்ளைகளுக்கு விட்டால் குடியா முழுகிவிடும்?

பெருநாள் வந்தால் திடலில் தொழ வேண்டும் என்று காவல் நிலையத்துக்கும் மண்டல அலுவலகத்துக்கும் அனுமதிக்காக நடக்கிறோம். நடக்க வேண்டியதுதான், அது நபிவழி. ஆனால் ஆண்டுக்கு இரண்டு நாள் நினைவுக்கு வரும் திடல், மற்ற நாட்களில் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தோமா? ஆக்கிரமிப்பில் திடல் போய்விட்டால் பெருநாள் தொழுகைக்கும் இடம் போய்விடும்.

விளையாட்டு வீண் வேலை என்று சொல்லும் பெரியவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றையே நினைவூட்டுகிறோம். மதீனாவில் பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஒரு தூரம், பயிற்சி பெறாதவற்றுக்கு ஒரு தூரம் என்று எல்லை குறித்துப் பந்தயம் நடத்தியவர்கள் அவர்கள். பெருநாளன்று பள்ளிவாசலிலேயே அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு ஆடியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கண் நிறையப் பார்க்கும்வரை நின்று மறைத்துக் கொடுத்தவர்கள். அந்த உம்மத்தின் பிள்ளை இன்று மேன்ஷன் மொட்டை மாடியில் செல்போனுக்குள் குனிந்து கிடக்கிறான்; சந்து முனையில் கஞ்சாப் பொட்டலக்காரன் அவனுக்காகக் காத்து நிற்கிறான்.

ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சைப் பக்கமிருந்தும் வந்து நம் கடைகளில் நிற்கும் பையன்களை எண்ணிப் பாருங்கள். இரவு ஒன்பது மணிக்குக் கடை சாத்திய பின் அவர்கள் எங்கே போவார்கள்? தனியார் டர்ஃபுக்கு மணிக்கு ஆயிரமும் அதற்கு மேலும் கேட்கிறார்கள். விளக்கு வசதியுள்ள ஒரு மாநகராட்சித் திடல் பத்து மணிவரை திறந்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் அவர்களைக் காப்பாற்றும். பெண் பிள்ளைகளுக்கோ இதுவும் இல்லை. அவர்களுக்கென்று நேரம், பெண் காவலர், தண்ணீர் வரும் கழிப்பறை. இதைக் கேட்க நமக்கு ஏன் வாய் வரவில்லை?

ஊனமுற்ற குழந்தைகளை நாம் வீட்டுக்குள் மறைத்தே வைத்துவிட்டோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விளையாட்டிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு என்கிறது. சக்கர நாற்காலியில் கடல் அருகே செல்ல 2022 நவம்பரில் மெரினாவில் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் பெயர்த்துப் போட, பிறகு சீர்செய்தார்கள். நல்ல காரியம். ஆனால் நம் தெருத் திடல் வாசலில் சக்கர நாற்காலி நுழையாதபடி ஓர் இரும்புக் குழாயை நட்டு வைத்திருப்பார்கள். பைக் வரக் கூடாது என்று நட்டது. குழந்தையையும் அல்லவா தடுக்கிறது?

திடல் என்பது பந்துக்கு மட்டும் உரியது என்று ஆட்சியாளர்களும் நினைக்க வேண்டாம். 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில்தான் தி.மு.கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது. அந்த இடம் பூங்காவாக இல்லாமல் குடோனாக இருந்திருந்தால்?

ஒவ்வொரு மஹல்லாவிலும் நான்கு இளைஞர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கிளம்புங்கள். பள்ளிவாசலிலிருந்து கால் மணி நேர நடையில் திடல் உண்டா, எத்தனை மணிக்குத் திறக்கிறது, சாவி யாரிடம், காசு கேட்கிறார்களா, விளக்கு எரிகிறதா, பெண்களும் சக்கர நாற்காலியும் உள்ளே போக முடிகிறதா என்று எழுதுங்கள். தானமாகப் பெற்ற நிலங்களின் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் அந்த நோட்டோடு மாமன்ற உறுப்பினரைச் சந்திக்கட்டும். ஒரு பிரதியை நமது அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வட்டாரவாரியாகத் தொடர்ந்து வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ்.