ஊடகச் சமூகவியல் எல்லா மாணவருக்கும் வேண்டும்

2018 மே 9 அன்று, திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு குடும்பத்தை ஊரார் மறித்து அடித்தார்கள். வழியில் நின்று பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைப் பார்த்து, பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார்கள். அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி அதில் உயிரிழந்தார். வடநாட்டுக் கும்பல் ஒன்று குழந்தைகளைக் கடத்த ஊர் ஊராகத் திரிகிறது என்ற செய்தி அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் பரவியிருந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 2023 மார்ச்சில், அதே அச்சம் எதிர்த்திசையில் ஓடியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. அவற்றில் சில வேறு மாநிலத்தில், வேறு காரணத்துக்காக நடந்த சம்பவங்கள். அச்சு நாளிதழிலும் அது செய்தியாக வந்தது. பீகார் சட்டப்பேரவையில் குரல் எழுந்தது, அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்தது. இங்கே தொழிலாளர்கள் பலர் பயந்து ரயிலேறினார்கள்.

இரண்டு தடவையும் அரசும் காவல் துறையும் வேகமாகவே செயல்பட்டன. மறுப்பு அறிக்கை வந்தது, வழக்குப் பதிவானது, கைது நடந்தது. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஒரே நேரத்தில் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்படுத்தியது. எல்லாம் தேவையான நடவடிக்கைகள்தாம். ஆனால் பொய்யைப் பொய் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது. நம்பியது ஏன் என்ற கேள்விக்கு இவற்றில் பதில் கிடையாது. விளம்பரத்தையும் தேர்தல் வாக்குறுதியையும் சந்தேகத்தோடு பார்க்கும் அதே மனிதர், மைத்துனர் அனுப்பிய குரல்பதிவை ஏன் உடனே நம்புகிறார்? பிள்ளை பிடிப்பவன் வடநாட்டான் என்ற உருவம் அந்தச் செய்திக்கு முன்பே மனத்தில் எப்படிக் குடியேறியது? கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகைகளில் தங்கி வேலை பார்க்கும் அந்தத் தொழிலாளர்கள் அதுவரை நம் செய்தித்தாள்களில் எந்தப் பக்கத்தில், என்ன பெயரில் வந்தார்கள்? விபத்துச் செய்தியிலா, குற்றச் செய்தியிலா, பேட்டியிலா? யாராவது உட்கார்ந்து எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

இப்படி எண்ணிப் பார்க்கவும் கேட்கவும் பழக்குகிற துறைதான் வெகுஜன ஊடகச் சமூகவியல். ஊடகத்தை யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, செய்தி அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எது செய்தியாகாமல் போகிறது, வாசகரும் பார்வையாளரும் வந்ததை எப்படி ஏற்கிறார்கள் அல்லது தள்ளுகிறார்கள் என்பவை அதன் அடிப்படைக் கேள்விகள். தமிழ்நாட்டில் ஊடகப் படிப்பு என்றால் பெரும்பாலும் விஸ்காம், இதழியல். கேமரா பிடிக்கவும் படத்தொகுப்புச் செய்யவும் செய்தி எழுதவும் அங்கே கற்றுக்கொள்கிறார்கள். ஊடகத்தைச் சமூக நிறுவனமாகப் பார்க்கும் தாள் அந்தத் துறை மாணவர்களுக்கும் சமூகவியல் மாணவர்களுக்கும் மட்டும் வாய்க்கிறது. பி.காம். படிப்பவரும் வேதியியல் படிப்பவரும் பொறியியல் படிப்பவரும் அதைத் தொடாமலே பட்டம் வாங்கிவிடுகிறார்கள். ஒரு பருவம் முழுக்க நடக்கும் ஊடகச் சமூகவியல் பாடம் எல்லா இளநிலை மாணவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இந்தத் துறை தொடக்கத்திலேயே தந்த பாடம் ஒன்று நமக்கு மிகவும் பொருந்தும். 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவரது குழுவினரும் ஒஹாயோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் சுமார் 600 பேரை மே முதல் நவம்பர் வரை மறுபடி மறுபடி சந்தித்துப் பேட்டி எடுத்தார்கள். வானொலியும் பத்திரிகையும் வாக்காளரை எப்படி மாற்றுகின்றன என்று காண்பதே நோக்கம். பிரசாரத்தால் கட்சி மாறியவர்கள் மிகக் குறைவு என்று தெரிந்தது. பலருக்கு அரசியல் செய்தி நேராகப் போய்ச் சேரவே இல்லை. அக்கறையோடு படிக்கிற, கேட்கிற சிலர் வழியாகத்தான் போனது. அண்டை வீட்டாரும் உடன் வேலை செய்பவரும் சொன்னதற்குத்தான் மதிப்பு அதிகம் இருந்தது. தமிழ்நாட்டின் டீக்கடைகளையும் முடிதிருத்தும் கடைகளையும் திராவிட இயக்கத்தின் படிப்பகங்களையும் அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒருவர் உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள், படித்தவர் சொல்லும் விளக்கமும் செய்தியோடு சேர்ந்தே ஊருக்குள் போகும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடப்பதும் இதுதான். செய்தியின் மூலம் எது என்று யாரும் பார்ப்பதில்லை, அனுப்பியவர் சித்தப்பாவா அத்தையா என்றுதான் பார்க்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ளாத எந்தப் பொய்ச்செய்தி ஒழிப்பும் பாதி வழியில் நின்றுவிடும்.

நின்றுவிடுகிறது என்பதற்குச் சான்றும் உண்டு. 2019 மக்களவைத் தேர்தல் காலத்தில் அரசியலறிஞர் சுமித்ரா பத்ரிநாதன் பீகாரில் 1,224 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார். ஒரு பகுதியினருக்கு வீட்டுக்கே சென்று சுமார் ஒரு மணி நேரம் பொய்ச்செய்தியை இனங்காணும் பயிற்சி தரப்பட்டது. பொதுவாகப் பார்த்தால் பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மத்தியில் ஆளுங்கட்சியின் ஆதரவாளர்களிடம், தங்கள் கட்சிக்குச் சாதகமான பொய்களை அடையாளம் காணும் திறன் பயிற்சிக்குப் பிறகு குறைந்தே போனது. பின்னர் அவரும் வேறு சில ஆய்வாளர்களும் மாநில அரசு அமைப்பு ஒன்றோடு சேர்ந்து அதே பீகாரில், 583 கிராமங்களில், சுமார் 13,500 பள்ளி மாணவர்களிடம் வேறு வகையில் முயன்றார்கள். இந்த முறை வகுப்பறை, சக மாணவர்கள், 14 வாரங்களில் பரவிய பாடங்கள். மாணவர்களிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. மாதங்கள் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது, பெற்றோர்களிடமும் கொஞ்சம் போய்ச் சேர்ந்திருந்தது. அங்கே கற்பித்தது ஊடக எழுத்தறிவு, நான் பேசும் சமூகவியல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நம் கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒருநாள் விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் வழக்கத்தால் பெரிய பயன் இருக்காது என்பதை இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே உணரலாம். காலம் வேண்டும், கூடிப் பேச இடம் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு மறுப்பு உண்டு. எந்தத் தொலைக்காட்சி எந்தக் கட்சியுடையது என்று இங்கே பாமரருக்கும் தெரியும், இதற்குப் பல்கலைக்கழகப் பாடம் எதற்கு என்று கேட்பார்கள். 1993-இல் சன், 1999-இல் ஜெயா, 2007-இல் கலைஞர் என்று வந்த வரிசையைப் பார்த்து வளர்ந்த பார்வையாளர் உண்மையிலேயே கூர்மையானவர். ஒரே நிகழ்வை இரண்டு சேனலில் பார்த்து நடுவில் உண்மையைத் தேடத் தெரிந்தவர். ஆனால் உரிமையாளர் யார் என்று தெரிந்துவிட்டதாலேயே மற்றவை கண்ணில் படாமல் போய்விடுகின்றன. நாடு முழுவதும் இருபது கோடிக்கும் மேற்பட்ட தொலைக்காட்சி வீடுகள் இருக்க, சில பத்தாயிரம் வீடுகளில் மட்டும் பொருத்திய மீட்டர்களை வைத்து டிஆர்பி கணக்கிடப்படுகிறது. விளம்பரப் பணம் அதன் பின்னால் போகிறது. அந்த மீட்டர்களில் முறைகேடு என்ற புகார் 2020 அக்டோபரில் வெடித்தபோது, செய்திச் சேனல்களின் தரவரிசை வெளியீடே 2022 மார்ச் வரை நிறுத்திவைக்கப்பட்டது. இரவு விவாதங்கள் ஏன் சண்டையாக நடக்கின்றன என்பதற்குக் கட்சிக்கொடி மட்டும் விடை சொல்லாது, இந்தக் கணக்கும் தெரிய வேண்டும். இன்னொன்று, செய்தி அறையின் சமூக முகம். 2006-இல் அனில் சமாடியா, ஜிதேந்திர குமார், யோகேந்திர யாதவ் ஆகியோர் டெல்லியில் இயங்கும் 37 இந்தி, ஆங்கில ஊடகங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். 71 விழுக்காட்டினர் உயர்சாதி இந்து ஆண்கள். தலித்தோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. தமிழ் ஊடகங்களில் இதே கணக்கை எடுத்தால் என்ன வரும்? எந்தச் சேனல் எந்தக் கட்சியுடையது என்று அறிந்து வைத்திருக்கும் நாம் இதைக் கேட்பதே அரிது.

இதைவிடக் கனமான மறுப்பு, வகுப்பறை ஆசிரியரின் அரசியல் மேடையாகிவிடும் என்பது. அச்சம் நியாயமானது. ஆனால் இந்தத் துறையில் தமிழ்ச் சமூகத்தைப் பற்றியே நடந்திருக்கும் வாதங்களை எடுத்துப் பார்த்தால், ஒரே முடிவைத் திணிக்கும் படிப்பு இது இல்லை என்று தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, 1981-இல் வெளிவந்த தம் நூலில், தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒன்றைப் பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகை என்றார். இருக்கையைத் தீர்மானித்தது சாதிப் படிநிலை இல்லை, கையிலிருந்த காசு என்பது அவர் வாதம். ஊடகம் சமூகத்தைத் திறந்துவிட்டது என்று இதைப் படிக்கலாம். பதினோரு ஆண்டு கழித்து எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆரைப் பற்றி எழுதிய நூல், தமிழில் ‘பிம்பச் சிறை’ என்று வந்திருப்பது, நேர் எதிர்த் திசையில் போகிறது. 1977 முதல் 1987 வரை நடந்த எம்.ஜி.ஆர். ஆட்சியின் பொருளாதாரச் சுமை ஏழைகள் மீது விழுந்தும் அவர்களே ஏன் அவரை விடாமல் ஆதரித்தார்கள் என்று கேட்டு, திரையில் கட்டப்பட்ட பிம்பத்தில் விடை தேடுகிறார் பாண்டியன். அடுத்த ஆண்டு வெளியான சாரா டிக்கியின் நூல் மதுரையின் ஏழை ரசிகர்களிடமே போய்ப் பேசுகிறது. அவர்கள் படத்தை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள், ரசிகர் மன்றம் அவர்களுக்கு என்ன மதிப்பைத் தருகிறது என்று பார்க்கிறது. பாண்டியனிடம் மயங்கியவர்களாகத் தெரியும் ரசிகர்கள் இங்கே தங்கள் கணக்கோடு இயங்கும் மனிதர்களாகத் தெரிகிறார்கள். எனக்குப் பாண்டியனின் கேள்வி பிடிக்கும். ஆனால் ரசிகர் வாயால் கேட்காமல் ரசிகர் மனத்தைச் சொல்வதில் உள்ள ஆபத்தை டிக்கியின் முறைதான் காட்டித் தருகிறது. எம்.ஜி.ஆரை வழிபடும் வீட்டிலிருந்து வரும் மாணவரும் வெறுக்கும் வீட்டிலிருந்து வரும் மாணவரும் இந்த மூன்றையும் சேர்த்துப் படித்து, எந்தச் சான்று எதைத் தாங்குகிறது என்று வாதிட்டால், ஆசிரியரின் அரசியலுக்கு அங்கே இடம் குறைந்துதான் போகும்.

வேலைவாய்ப்பு பற்றிய கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. ‘நான் முதல்வன்’ போன்ற திட்டங்கள் திறன் பயிற்சியைப் பார்த்துக்கொள்கின்றன, ஆறு பருவத்தில் ஒரு தாள் அதைத் தடுத்துவிடாது. எனக்கு உண்மையான கவலை தருவது வேறு. 1991-இல் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் தந்த உத்தரவின் தொடர்ச்சியாகச் சுற்றுச்சூழல் கல்வி எல்லாப் பட்டப்படிப்புக்கும் பொதுப் பாடமானது. நல்ல நோக்கம். பல கல்லூரிகளில் அது கடைசி வாரத்தில் வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்து எழுதும் தாளாகச் சுருங்கிவிட்டது. ஊடகச் சமூகவியலும் கோட்பாட்டாளர் பெயர்களை ஒப்பிக்கும் தாளாக வருமானால் அது வராமலிருப்பதே மேல். ஆகவே மதிப்பெண்ணில் பாதியாவது களப்பணிக்குப் போக வேண்டும். ஒரு மாதத்து நாளிதழ்களில் புலம்பெயர் தொழிலாளர் எங்கெங்கே வந்தார்கள் என்று எண்ணுவது, இருபது இரவு விவாதங்களில் பெண்கள் எத்தனை பேர், எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று கணக்கிடுவது, ஒரு வதந்தி தங்கள் தெருவுக்கு யார் வழியாக வந்தது என்று விசாரித்து வரைபடம் போடுவது போன்றவை பணச் செலவில்லாத வேலைகள். கணிதம் படிப்பவருக்கும் வணிகவியல் படிப்பவருக்கும் கைவரக்கூடியவை.

தமிழில் படிக்க நூல் இல்லை என்றும் சொல்ல முடியாது. தியடோர் பாஸ்கரனின் ‘எம் தமிழர் செய்த படம்’, ஆ.இரா. வேங்கடாசலபதி தமிழ் அச்சுப் பண்பாட்டைப் பற்றி எழுதியவை, மேலே சொன்ன ‘பிம்பச் சிறை’ ஆகியவற்றோடு ஒரு பருவத்தைத் தொடங்கலாம். தொலைக்காட்சியையும் கைபேசியையும் பற்றித் தமிழில் இந்தத் தரத்தில் இன்னும் எழுத வேண்டியிருக்கிறது, மாணவர்களின் களப்பணி அறிக்கைகளே அதற்குத் தரவாகும். தொடங்குவதற்குப் புதிய சட்டமோ அரசாணையோ தேவையில்லை. கலை அறிவியல் கல்லூரிப் பாடத்திட்டத்தின் பகுதி நான்கில், மாணவர்கள் நான்-மேஜர் எலெக்டிவ் என்று அழைக்கும் பிற துறை விருப்பப் பாடத்துக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்கள் தங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைச் சேர்க்கலாம். சமூகவியல் துறை இல்லாத கல்லூரிகளில் தமிழ், வரலாறு, பொருளியல் ஆசிரியர்கள் சேர்ந்து எடுக்கலாம். அவர்களுக்கு ஒரு கோடை விடுமுறைப் பயிற்சியைப் பல்கலைக்கழகங்களின் சமூகவியல், இதழியல் துறைகள் கூட்டாக நடத்தித் தர வேண்டும்.