கவிதைக்கும் தோழமை விமர்சனம் தேவை

மே தினம் நெருங்கும்போதெல்லாம் நமது கிளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் கவிதைகள் வரத் தொடங்கிவிடும். ஆலைத் தொழிலாளி எழுதுகிறார், அங்கன்வாடி ஊழியர் எழுதுகிறார், கல்லூரி மாணவர் எழுதுகிறார். அடுத்த நிமிடமே பதில்களும் வரும். ‘அருமை தோழர்’, ‘செவ்வணக்கம்’, உயர்த்திய கைமுட்டியின் படம். அரை மணி நேரத்தில் அந்தக் கவிதை மறுநாள் ஆர்ப்பாட்டத்திற்கான அறிவிப்புக்கு அடியில் புதைந்துவிடுகிறது. எந்த வரி மற்றவரைத் தொட்டது, எந்த வரி புரியவில்லை என்பது எழுதியவருக்குக் கடைசிவரை தெரிவதே இல்லை.

இன்னொரு காட்சியும் நமக்குப் பழக்கமானதுதான். கலை இலக்கியக் கூட்டத்தில் ஓர் இளம் தோழர் தயங்கித் தயங்கித் தமது கவிதையை வாசிக்கிறார். தலைமை தாங்கும் மூத்த தோழர் எழுந்து, “சோர்வு மேலோங்கி இருக்கிறது, வர்க்கப் பார்வை தெளிவாக வெளிப்படவில்லை, நம்பிக்கையோடு முடித்திருக்க வேண்டும்” என்று தீர்ப்புச் சொல்லி அமர்கிறார். அடுத்த மாதக் கூட்டத்திற்கு அந்த இளம் தோழர் வருவார், கவிதை வராது.

வெற்றுப் பாராட்டும் அவசரத் தீர்ப்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டின் குறையும் ஒன்றே. இரண்டிலும் கவிதை வாசிக்கப்படவில்லை. அறிக்கையின் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு விவாதிக்கும் நாம், ஒரு தோழரின் பன்னிரண்டு வரிகளுக்கு அந்தக் கவனத்தைத் தர மறுக்கிறோம். இது இலக்கிய ஆர்வலர்களின் தனிப்பட்ட மனக்குறை மட்டும்தானா? இல்லை என்பதே என் கருத்து. நமது அமைப்பு வாழ்வோடு தொடர்புடைய அரசியல் பிரச்சனை இது.

ஆசானிடமிருந்து அவைக்கு

ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தித் தரும் வழக்கம் நமது நாட்டில் பழையது. உருதுக் கவிதை உலகில் அதற்கு ‘இஸ்லாஹ்’ என்று பெயர். மாணவர் தமது கஜலை ஆசானிடம் கொண்டு செல்வார். ஆசான் ஒரு சொல்லை மாற்றுவார், ஓர் அடியை நீக்குவார், காரணத்தையும் சொல்வார். மிர்சா காலிப் தமது மாணவர் முன்ஷி ஹர்கோபால் தஃப்தாவின் கவிதைகளை அஞ்சல் வழியாகவே திருத்தி அனுப்பினார். அந்தக் கடிதங்கள் இன்று உருது உரைநடையின் செல்வமாகக் கருதப்படுகின்றன. இளம் இக்பாலும் தமது தொடக்ககாலக் கஜல்களைத் திருத்தம் வேண்டித் தாக் தெஹல்விக்கு அஞ்சலில் அனுப்பியவர்தான். தமிழிலும் ஒரு நூல் அவையின் முன் அரங்கேறும்போது எழுப்பப்படும் தடைகளுக்கு விடை சொல்லியே ஆக வேண்டும் என்ற மரபு இருந்தது.

இந்த மரபுக்கு ஓர் எல்லையும் இருந்தது. திருத்தும் உரிமை ஆசானுக்கு மட்டுமே உரியது, அவையோ புரவலரின் அவை. உழைப்பவரும் பெண்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அந்த அவைக்குள் கால்வைப்பது அரிதினும் அரிது. இந்த எல்லையை உடைக்க முனைந்த பேரியக்கம்தான் முற்போக்கு எழுத்தாளர் சங்கம். 1936 ஏப்ரலில் லக்னோவில் நடந்த அதன் முதல் மாநாட்டுக்குப் பிரேம்சந்த் தலைமை தாங்கினார். அழகை அளக்கும் உரைகல்லையே மாற்ற வேண்டும் என்றார் அவர். அரசியலுக்குப் பின்னால் நடந்து வருவதல்ல இலக்கியம், அதற்கு முன்னால் விளக்கேந்திச் செல்வது என்பதும் அந்த உரையின் சாரம். அதே ஆண்டு அக்டோபரில் அவர் மறைந்தார். அந்த உரை இயக்கத்தின் வழிகாட்டியாக நிலைத்தது.

1940களில் சங்கத்தின் பம்பாய்க் கிளை வாரந்தோறும் கூடியது. கதையோ கவிதையோ வாசிக்கப்படும், அங்கேயே விவாதிக்கப்படும். நடந்தவற்றை எழுத்தாளர் ஹமீத் அக்தர் குறிப்புகளாகப் பதிவு செய்தார். சர்தார் ஜாஃப்ரியும் கைஃபி ஆஸ்மியும் கிருஷன் சந்தரும் இஸ்மத் சுக்தாயும் இருந்த அந்தச் சூழலில் ஆசான், மாணவர் என்ற படிநிலைக்கு இடமில்லை. புகழ்பெற்றவரின் படைப்பும் புதியவரின் படைப்பும் ஒரே மேசைக்கு வந்தன. ஆசானின் தனியறையிலிருந்து திருத்தம் தோழர்களின் பொது அவைக்கு இறங்கி வந்தது. இது பண்பாட்டுத் துறையில் நிகழ்ந்த ஜனநாயக மாற்றம்.

விமர்சனம் தீர்ப்பாக மாறியபோது

இதே இயக்கம் தவறிய இடத்தையும் நாம் மறைக்கக் கூடாது. 1948 கல்கத்தா காங்கிரசுக்குப் பின் கம்யூனிஸ்ட் இயக்கம் கடும் அடக்குமுறையைச் சந்தித்தது. சர்தார் ஜாஃப்ரி, மஜ்ரூஹ் சுல்தான்புரி போன்ற கவிஞர்கள் சிறை சென்றனர். அந்த நெருக்கடிக்குள் குறுங்குழுவாதப் போக்கும் வளர்ந்தது. 1949இல் பிவண்டியில் கூடிய முற்போக்கு எழுத்தாளர் மாநாடு முன்பைவிடக் குறுகிய கொள்கை அறிக்கையை ஏற்றது. அதே ஆண்டு லாகூரில் கூடிய பாகிஸ்தான் முற்போக்கு எழுத்தாளர்கள், மண்ட்டோ உள்ளிட்ட எழுத்தாளர்களை முற்போக்கு இதழ்களிலிருந்து விலக்கிவைக்கத் தீர்மானித்தனர். பிரிவினையின் கொடூரத்தை மண்ட்டோ அளவுக்கு அப்பட்டமாக எழுதியவர்கள் மிகச் சிலரே. அவரையே வெளியே நிறுத்தினோம்.

1947இல் ஃபைஸ் அகமது ஃபைஸ் எழுதிய ‘சுப்ஹ்-ஏ-ஆசாதி’ கவிதைக்கு நேர்ந்ததும் சிந்திக்கத்தக்கது. விடுதலையின் விடியலைப் பற்றிய கவிதை அது. எதிர்பார்த்த விடியல் இதுவல்ல என்ற ஏமாற்றத்தை அது சொன்னது. கவிதையில் தெளிவில்லை, எதிர் முகாமைச் சேர்ந்தவர்களும் இதையே சொல்லிவிட முடியும் என்று சர்தார் ஜாஃப்ரி விமர்சித்தார். யாருடைய விடியல், எந்த வர்க்கத்தின் ஏமாற்றம் என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஒரு தோழர் இன்னொரு தோழரிடம் கேட்டே தீர வேண்டிய கேள்வியும்கூட. அந்தக் கேள்வி தீர்ப்பாக இறுகியதில்தான் பிழை இருக்கிறது. கோடிக்கணக்கான மக்கள் அன்று என்ன உணர்ந்தார்கள் என்பதை எந்தத் தீர்மானமும் சொல்லாத நேரத்தில் அந்தக் கவிதை சொன்னது. எல்லையின் இருபுறமும் இன்றும் அது வாசிக்கப்படுகிறது.

ஜாஃப்ரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் கவிதையை வாசித்தார், வாதத்தை முன்வைத்தார், பெயரோடு எழுதினார். கைமுட்டிப் படம் போட்டு நகர்ந்துவிடும் நம்மைவிட அவர் அந்தக் கவிதைக்குக் கூடுதல் மரியாதை செய்தார். நாம் கற்க வேண்டிய பாடம் வேறு. கவிதையிடம் கேள்வி கேட்கலாம், தண்டனை விதிக்கக் கூடாது.

ஆலையும் தெருவும் எழுதும்போது

யாருடைய மொழி கவிதையின் மொழி என்பதும் இங்கே எழும் கேள்விதான். நாராயண் சுர்வே பம்பாயில் கைக்குழந்தையாகக் கைவிடப்பட்டு, ஓர் ஆலைத் தொழிலாளியால் எடுத்து வளர்க்கப்பட்டவர். ஆலையிலும் பள்ளியில் கடைநிலை ஊழியராகவும் வேலை செய்து, பின் ஆசிரியரானவர். தொழிற்சங்கத்திலும் கம்யூனிஸ்ட் இயக்கத்திலும் உருவானவர். 1962இல் வெளியான அவரது முதல் தொகுப்பு, படித்த நடுத்தர வர்க்கத்தின் மராத்தியில் எழுதப்பட்டதல்ல. கிரண்காவ் எனப்படும் ஆலைப் பகுதியின் பேச்சு அதில் இருந்தது. 1995இல் பர்பணியில் நடந்த அகில இந்திய மராத்தி இலக்கிய மாநாட்டுக்கு அவரே தலைவர். ‘இது இலக்கிய மொழி அல்ல’ என்ற ஒரு வாக்கியம் எத்தனை சுர்வேக்களை முதல் கவிதையோடு நிறுத்தியிருக்கும்!

அசாமின் அனுபவம் நமது காலத்தியது. அங்கே ஆற்றுத் திட்டுகளிலும் கரைகளிலும் வாழும் வங்காள வம்சாவளி முஸ்லிம் உழவர்களை இழிவுபடுத்தும் வசைச்சொல்லாக ‘மியா’ மாற்றப்பட்டுவிட்டது. உருதுவில் அது மரியாதைச் சொல். 2016 ஏப்ரல் இறுதியில், பாலஸ்தீனக் கவி மஹ்மூத் தர்வீஷின் ‘அடையாள அட்டை’ கவிதையின் உந்துதலில், ஹாபிஸ் அகமது அந்த வசைச்சொல்லையே தமது பெயராக ஏற்று ஒரு கவிதை எழுதிச் சமூக ஊடகத்தில் வெளியிட்டார். அதற்கு வந்த பதில்களும் கவிதைகளாகவே இருந்தன. மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்தனர். அந்தத் தொடரே ‘மியா கவிதை’ என்ற இயக்கமாயிற்று. ஒரு கவிதையைக் கவனமாக வாசித்ததற்கு இன்னொரு கவிதையைவிட நல்ல சான்று வேறென்ன?

2019 ஜூலையில் அந்தக் கவிஞர்களும் அவர்களோடு இயங்கியவர்களுமாக 10 பேர் மீது குவாஹாத்தியில் காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. அவர்கள் முன்பிணை கோரி உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. அடுத்த மாதம், ஆகஸ்ட் 31 அன்று, தேசியக் குடிமக்கள் பதிவேட்டின் இறுதிப் பட்டியல் 19,06,657 பேரை வெளியே தள்ளியது. மக்களின் குடியுரிமையே கேள்விக்கு உள்ளாக்கப்பட்ட நேரத்தில், ‘நான் இன்னார்’ என்று எழுதுவதே குற்றமாக்கப்பட்டது.

அந்த நாட்களில் மதிப்புக்குரிய இடதுசாரி அறிஞர் ஹிரேன் கோஹைனும் அந்தக் கவிஞர்களை விமர்சித்தார். வட்டார வழக்கில் எழுதுவதைவிட அசாமிய மொழியில் எழுதுவதே ஒற்றுமைக்கு உதவும் என்பது அவரது கவலை. தாங்கள் அசாமியத்திலும் எழுதுவதாகக் கவிஞர்கள் பதில் சொன்னார்கள். அந்த விவாதத்தில் இரு தரப்புக்கும் வரலாற்றுக் காரணங்கள் உண்டு. ஆயினும் விமர்சிப்பவருக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. நண்பரின் கேள்விக்கு இன்னொரு கவிதையால் பதில் சொல்லிவிடலாம், காவல் நிலையப் புகாருக்கு அப்படிச் சொல்ல முடியாது. அரசின் கை ஒருவரின் தோளைப் பற்றியிருக்கும் நேரத்தில், முதலில் அவர் பக்கத்தில் நின்று கொண்டு, பிறகு அவரது சொற்களைப் பற்றிப் பேச வேண்டும். இந்த வரிசை மாறினால் நமது விமர்சனம் நாம் விரும்பாதவர்களின் கைக்குப் போய்ச் சேரும்.

நமது கூட்டங்களில் என்ன செய்யலாம்?

ஒரு சித்தாள் தோழர் கவிதை எழுதிக் கொண்டு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் ‘விடியல்’ இருக்கிறது, ‘செங்கனல்’ இருக்கிறது, ‘சங்கிலி’ அறுபடுகிறது. எல்லாம் நமது மேடைகளிலிருந்து அவர் கடன் வாங்கிய சொற்கள். நடுவே ஒரே ஒரு வரியில், கலவைச் சட்டியைத் தாங்கும் சும்மாடு வருகிறது. ‘அருமை’ என்று சொன்னால் அந்த வரி தொலைந்துபோகும். ‘வர்க்கப் பார்வை போதாது’ என்றாலும் அதே கதிதான். “அந்தச் சும்மாடு எதனால் ஆனது, தோழர்?” என்று ஒருவர் கேட்டால் போதும். பழைய சேலைக் கிழிசல் என்பார் அவர். யாருடைய சேலை, எத்தனை மாடி, கூலி எத்தனை நாள் பாக்கி என்று பேச்சு வளரும். அடுத்த கூட்டத்திற்கு அவர் கொண்டு வருவது அவருக்கு மட்டுமே எழுத வாய்க்கும் கவிதையாக இருக்கும். வர்க்கப் பார்வையும் அதில் தானே இருக்கும். நாம் கற்றுத் தந்து அவர் பெற்றதல்ல அது, அவரது தலைச்சுமையில் ஏற்கெனவே இருந்தது.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. மாதம் ஒரு கூட்டம், ஐந்தாறு தோழர்கள், இரண்டு மூன்று கவிதைகள் போதும். கவிதையை இருமுறை உரக்க வாசிக்க வேண்டும். எழுதியவர் விளக்கம் சொல்வதற்கு முன், கேட்டவர்கள் தமக்கு என்ன கேட்டது என்று சொல்ல வேண்டும். பொதுவாகப் பேசாமல் வரியைச் சுட்டிப் பேச வேண்டும். பிடித்திருந்தாலும் எங்கே, ஏன் என்று சொல்ல வேண்டும். சோகத்தில் முடியும் கவிதைக்கு நாமாக ஒரு செங்கொடியைச் செருகக் கூடாது. பெண் தோழரோ தலித் தோழரோ தம் வாழ்விலிருந்து எழுதும்போது, அந்த வாழ்வை அறியாதவர் முதலில் கேட்டுக்கொள்ளட்டும். பொறுப்பில் இருக்கும் தோழர் கடைசியாகப் பேசட்டும். திருத்தத்தை ஏற்பதும் மறுப்பதும் எழுதியவரின் உரிமை. தலைமைத் தோழரும் தமது கவிதையை அதே மேசையில் வைக்கட்டும்.

வேலை நிறுத்தமும் வெள்ள நிவாரணமும் காத்திருக்கும்போது கவிதைக்கு இவ்வளவு நேரமா என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்கக் கற்றுக்கொள்வது கவிதைக்கு மட்டும் பயன்படும் திறமை அல்ல. சக தோழரின் பன்னிரண்டு வரிகளைப் பொறுமையாகக் கேட்டு, நேர்மையாகவும் அவர் மனம் ஒடியாமலும் கருத்துச் சொல்லத் தெரிந்த கிளை, ஆலை வாயிலில் ஒரு தொழிலாளியின் குறையையும் அப்படியே கேட்கும். விமர்சனம், சுயவிமர்சனம் என்று நமது அமைப்பு விதிகளில் எழுதி வைத்திருக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல பயிற்சிக் களம் கிடைப்பது அரிது.

தனியாக எழுதுபவரைத் தனியாகக் கைது செய்வது எளிது. ஒருவர் எழுதியதைப் பத்துப் பேர் படித்து, விவாதித்து, மனதில் ஏற்றிக்கொண்டிருந்தால் அந்தக் கவிதையைக் கைது செய்ய முடியாது. எனவே தோழர்களே, உங்கள் குழுவில் அடுத்த கவிதை வரும்போது கைமுட்டிப் படத்தை அனுப்புவதற்கு முன் அதை இன்னொரு முறை படியுங்கள். ஒரு வரியைச் சுட்டி, ஒரு கேள்வி கேளுங்கள்.