ஜாம் போத்தல் விளக்கும் எகிப்தின் வெள்ளரிக்காயும்



கடந்த வாரம் ஒளிவிழா ஆயத்தக் கூட்டத்தில், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் யாவரும் ஒரே நிறத்தில் புத்தாடை அணிந்து மேடையேற வேண்டும் என்று தீர்மானிக்கப்பட்டது. அதற்கு வசதியற்ற ஒரு வீட்டை ஒருவர் நினைவூட்டினார். உடனே நம் மூத்தவர் ஒருவர், “அந்தப் பிள்ளை பழைய உடுப்பில் வரட்டும். தடைக்காலத்தில் நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் நத்தார் கொண்டாடவில்லையா? இல்லாமையில்தான் உண்மையான நத்தார்” என்றார். பலர் தலையசைத்தனர். நானும் அக்காலத்துப் பிள்ளை. ஆகவே மறுமொழி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் எனத் தடைப்பட்டியல் நீண்டது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, நூல்திரி ஏற்றுவோம். சைக்கிளைக் கவிழ்த்து, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் வானொலி கேட்போம். எனக்கு அது விளையாட்டு. சுழற்றிய அண்ணாவுக்குக் கைவலி. சங்கக்கடையில் அட்டைக்குக் கிடைத்த சீனியைக் கார்த்திகை முதலே அம்மா ஒரு பேணியில் சேர்த்து வைப்பார். மார்கழி 24ஆம் நாள் அது பயற்றம் பணியாரமாகும். முதல் தட்டம், பலாலிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து அயலில் ஒதுங்கியிருந்த சைவக் குடும்பத்துக்குப் போகும். எங்களுக்கு அதன்பின்தான்.

இவ்வளவையும் நானும் இனிமையாகவே சொல்லித் திரிந்தேன். பேணி நிறைந்த விதத்தை வளர்ந்த பின்னரே அறிந்தேன். அம்மாவும் அம்மம்மாவும் அந்த வாரங்கள் முழுவதும் இனிப்பின்றித் தேநீர் குடித்திருக்கிறார்கள். கடித்துக்கொள்ளும் பனங்கட்டித் துண்டும் பிள்ளைகளுக்கே போயிற்று. நான் கண்டது மகிழ்ச்சி; அதற்குரிய விலையைச் செலுத்தியவர்கள் வாய்திறக்கவில்லை.

எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். செங்கல் அறுத்த கைகள் அவர்கள் நினைவில் இல்லை. நாமும் விளக்கின் அழகை நினைக்கிறோம், இருட்டை மறந்துவிட்டோம். தடை என்பது மனிதர் மனிதருக்குச் செய்த தீங்கு. அதை ஆவிக்குரிய பயிற்சியாகப் புகழ்வதற்கு எந்தப் போதகருக்கும் உரிமையில்லை. இப்படிப் பிரசங்கித்த நாட்கள் எனக்கும் உண்டு, வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்று. அன்று பழைய சட்டை எல்லோருக்கும் பழைய சட்டை. பனம்பழத்தால் தோய்த்த அந்த மங்கல் நிறம் ஆலயம் முழுவதும் ஒன்றாகவே இருந்தது, யாரும் கூசவில்லை. இன்று முப்பது புத்தாடைகளுக்கு நடுவே ஒரு பிள்ளை மட்டும் பழையதில் நிற்கப் போகிறது. இதற்கும் அதற்கும் என்ன ஒப்புமை? நம் பழைய பசியை எடுத்து இன்றைய ஏழையின் வாயை அடைக்கிறோம். அந்தப் பிள்ளை சென்ற இரு ஞாயிறும் வரவில்லை.

வெள்ளி மாலை கூட்டம் மீண்டும் கூடுகிறது. நிறத் தீர்மானத்தை நீக்கும்படி கேட்கப் போகிறேன். மேடை அலங்காரக் கணக்கையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அந்த மூத்தவரின் அருகில்தான் அமர்வேன். அவருடைய தாயார் சீனிப் பேணியை எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று அவரிடம் கேட்க வேண்டும்.